ஜிம்னியும் ஜிப்சியும்: சிறு நான்குசக்கர இயக்க வண்டிகளை மாற்றியமைத்த வரலாறு

ஜிம்னி என்பது ஜப்பானின் சுசுகி நிறுவனம் 1970 முதல் தயாரித்துவரும் சிறு நான்குசக்கர இயக்க வண்டி. இதன் ஒரு கிளை 1985 முதல் இந்தியாவில் மாருதி ஜிப்சி என்ற பெயரில் ஓடியது. மற்றொரு கிளை அமெரிக்காவில் சாமுராய் எனப்பட்டது. உலகில் மிகுதியாக மாற்றியமைக்கப்பட்ட சிறு வண்டிகளுள் இந்தக் குடும்பத்துக்கு இடமுண்டு. டயர், ஸ்பிரிங், கியர், பம்பர் என்று உரிமையாளர்கள் கைவைக்காத பாகம் இதில் குறைவு.

இதை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பந்தயக்காரர்கள் அல்லர். வேலைக்கும் கடைக்கும் போகும் அதே வண்டியை விடுமுறை நாளில் தோட்டத்து மண்பாதையிலும் மலையடிவாரத் தடத்திலும் ஓட்டியவர்கள். ஆகவே இந்த வண்டிகளில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. தடத்தில் கிடைப்பது ஒன்று, தார்ச்சாலையில் இழப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கணக்கு ஐம்பது ஆண்டுகளில் எப்படித் தெளிவானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோற்றம்

முதல் வடிவம் சுசுகியுடையது அன்று. ஹோப் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் 1967 இறுதியில் ஹோப்ஸ்டார் ஓஎன்360 என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. மிட்சுபிஷியின் 359 சிசி எஞ்சினைப் பொருத்தி, சிறிய உடலில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி அமைத்திருந்தார்கள். விற்பனை மிகக் குறைவு. வடிவமைப்பின் உரிமையை 1968இல் சுசுகி வாங்கியது. பின்னாளில் நிறுவனத்தின் தலைவரான ஒசாமு சுசுகியே இதை வாங்கவேண்டும் என்று வற்புறுத்தியவர்.

சுசுகி தன் சொந்த எஞ்சினைப் பொருத்தி 1970 ஏப்ரலில் எல்ஜே10 என்ற முதல் ஜிம்னியை விற்பனைக்கு விட்டது. காற்றால் குளிரும் 359 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 25 குதிரைத்திறன், எடை 590 கிலோ. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி ‘கேய்’ எனப்படும் சிறு வண்டிக்கு 3 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, எஞ்சின் 360 சிசியைத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியைப் பின்புறம் தொங்கவிட்டால் நீளம் மிஞ்சிவிடும். அதனால் அதை உள்ளே வைத்தார்கள். ஒரு இருக்கை போயிற்று. மூவர் உட்காரும் வண்டியானது.

அந்தச் சின்ன உடலுக்குள் பெரிய ஜீப்பின் அமைப்பு முழுவதும் இருந்தது. ஏணி போன்ற தனிச் சட்டம், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் கெட்டி அச்சு, லீஃப் ஸ்பிரிங், சாலைக்கு ஒன்றும் மேட்டுக்கு ஒன்றுமாக இரண்டு விகிதங்கள் கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ். பிற்கால மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். தனிச் சட்டம் இருப்பதால் உடலைத் தொடாமல் கீழே வேலை செய்யலாம். கெட்டி அச்சு இருப்பதால் உயர்த்துவது எளிது. லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றி எந்த ஊர்ப் பட்டறைக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்த சில ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1972இல் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்தது. 1976இல் ஜப்பானிய வரம்பு 550 சிசிக்கு உயர, மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. 1977இல் 797 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு எல்ஜே80 ஏற்றுமதிக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் இரண்டாம் தலைமுறை வந்தபோது, ஏற்றுமதிக்கான எஸ்ஜே410 மாதிரியில் 970 சிசி எஞ்சின் 45 குதிரைத்திறன் தந்தது. மாற்றியமைக்கும் பழக்கம் பரவலானது இந்த இரண்டாம் தலைமுறையில்தான்.

சாமுராயும் கியர்க் கணக்கும்

எஸ்ஜே410ஐ விட வலுவான 1,324 சிசி எஞ்சினோடு 1985 இறுதியில் சாமுராய் அமெரிக்காவில் இறங்கியது. விலை குறைவு, எடை ஒரு டன்னுக்கும் கீழ். இளைஞர்கள் வாங்கிப் பெரிய டயர் போட்டார்கள். சிக்கல் அங்கே தொடங்கியது.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகிறது என்பதை எண்ணில் பார்ப்பது நல்லது. 205/70ஆர்15 என்ற டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ. 235/75ஆர்15 டயருக்கு ஏறத்தாழ 733 மி.மீ. வித்தியாசம் 65 மி.மீ., அதாவது பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. டயர் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது உண்மை வேகம் 88ஐ நெருங்கியிருக்கும். எஞ்சினுக்கோ எல்லா கியரும் பத்து விழுக்காடு ‘பெரிதாகி’விட்டதைப் போல இருக்கும். 60 சொச்சம் குதிரைத்திறன் உள்ள எஞ்சின் ஐந்தாம் கியரில் திணறும், மேட்டில் முதல் கியரிலும் வேகம் மிகும், கிளட்ச் தேயும். பிரேக் பிடித்தாலும் கனமான சக்கரம் சொன்ன இடத்தில் நிற்காது.

இதற்கு உரிமையாளர்கள் கண்ட விடை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருந்தது. இந்தத் தலைமுறையில் அது கியர்பெட்டியோடு ஒட்டாமல், சட்டத்தில் தனியாகத் தொங்கும். கியர்பெட்டியைத் தொடாமல் அதை மட்டும் கழற்றலாம். சாமுராயில் அதன் விகிதம் சாலைக்கு 1.409, மேட்டுக்கு 2.268. பழைய எஸ்ஜே410இல் இவை 1.580, 2.511. ஆகவே பழைய வண்டியின் பல்சக்கரங்களைப் புதிய வண்டியில் பொருத்தினால் இரண்டு நிலையிலும் 11–12 விழுக்காடு இறங்கும். பெரிய டயர் எடுத்துக்கொண்டதை இது திருப்பிக் கொடுத்துவிடும். உடைசல் கடையில் கிடைத்த பாகம் ஒரு பொறியியல் தீர்வானது இப்படித்தான்.

பிறகு இதற்கென்றே பல்சக்கரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவற்றில் பெயர்பெற்றது தாழ்நிலையில் 4.16 விகிதம் தருவது. சாமுராயின் முதல் கியரையும் பின் அச்சின் விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கினால், கம்பெனி வண்டியில் எஞ்சின் ஏறத்தாழ 31 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 4.16 பொருத்தினால் அது 57 ஆகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, முன்னதில் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் நகரும், பின்னதில் 2 கிலோமீட்டருக்கும் கீழ். பாறையில் டயரை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து இறக்க இந்த வேகம் வேண்டும். சாலைக்கும் மண்பாதைக்கும் ஓடும் வண்டிக்கு முன்னதே போதும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் பாறைத்தட வண்டிக்கான பாகங்களை வாங்கி மாட்டி, பிறகு நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுவதைக் கேட்டுச் சலித்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

உயர்த்துவதன் விலை

டயருக்கு அடுத்து எல்லோரும் கேட்டது உயரம். லீஃப் ஸ்பிரிங் வண்டியை உயர்த்த மூன்று வழிகள் புழங்கின. உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டை வைத்து உடலை மட்டும் தூக்குவது எளிய வழி. ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்குவதும், வளைவு கூடிய ஸ்பிரிங் போடுவதும் இரண்டாம் வழி. மூன்றாவது பெரிய அறுவை. கம்பெனி அமைப்பில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஒரேயடியாக ஐந்து அங்குலம் அளவுக்கு உயரும்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை உண்டு. கெட்டி அச்சு வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது உடலோ சட்டமோ அன்று. அச்சின் நடுவில் பானைபோல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பானை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி. மேலே சொன்ன 65 மி.மீ. பெரிய டயரால் பானைக்குக் கிடைப்பது 32 மி.மீ. ஸ்பிரிங் உயர்த்துவது பெரிய டயர் உரசாமலிருக்கவும், முன்பின் கோணங்கள் கூடவும் உதவுகிறது. அதற்குமேல் இல்லை.

ஆனால் அதன் விலை உடனே வந்துவிடும். அச்சுக்கு மேலே ஸ்பிரிங் கட்டிய வண்டியில் விசை கொடுக்கும்போது அச்சே முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை எஸ் எழுத்துப்போல் வளைக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் செங்குத்தாகிச் சிலுவை மூட்டு அதிரும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங் தண்டு சாய்ந்து, பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தீர்வு உண்டு, தனித்தனிச் செலவும் உண்டு. ஒரு மாற்றம் நான்கு மாற்றத்தைக் கூட்டிவரும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விலை கவிழும் அபாயம். 1988இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர்ஸ் யூனியன், தடம் விலகித் திரும்பும் சோதனையில் சாமுராய் சக்கரங்களைத் தூக்கிக் கவிழப் பார்த்தது என்று தன் இதழில் எழுதி, ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று மதிப்பிட்டது. வண்டிகளைத் திரும்பப் பெறவைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்கவில்லை. சோதனை நேர்மையாக நடக்கவில்லை என்று சுசுகி 1996இல் வழக்குத் தொடுத்தது. 2004இல் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஆனால் விற்பனை 1988க்குப் பிறகே சரிந்துவிட்டது. 1995இல் சாமுராய் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, அந்தச் சர்ச்சை பொதுமக்களுக்குக் கற்பித்த கணக்கு முக்கியம். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தட அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். அமெரிக்க அரசு 2001 முதல் வண்டிகளின் கவிழ்வு அபாயத்தை இந்த எண்ணைக்கொண்டே மதிப்பிட்டு வெளியிட்டது.

இந்தியாவில் ஜிப்சி

மாருதி நிறுவனம் 1985 டிசம்பரில் ஜிப்சியை அறிமுகப்படுத்தியது. எஸ்ஜே410இன் நீளமான வடிவம் அது. முன்பின் அச்சுகளுக்கு இடையே 2,375 மி.மீ. எஞ்சின் அதே 970 சிசி. காவல்துறை, வனத்துறை, பிறகு 1990களில் இராணுவம் என்று அரசுப் பணியில்தான் அது மிகுதியும் ஓடியது. புலிகள் காப்பகங்களில் கூரையில்லாத ஜிப்சியில் உட்கார்ந்து காடு பார்த்த நினைவு பலருக்கும் இருக்கும். இமயமலை நெடும்பந்தயமான ‘ரெய்ட் டி ஹிமாலயா’வில் 1999 முதல் இதுவே ஆதிக்கம் செலுத்திய வண்டி.

ஜிப்சியின் முதல் பெரிய மாற்றத்தைச் செய்தவர் உரிமையாளர் அல்லர், கம்பெனிதான். 1993இல் தட அகலத்தை முன்னும் பின்னும் 90 மி.மீ. கூட்டி, முன்பக்கம் 1,300 மி.மீ., பின்பக்கம் 1,310 மி.மீ. ஆக்கினார்கள். முன்பு 1,210 மி.மீ. அளவே இருந்தது. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழைய அகலத்துக்கு எண் 0.93. புதிய அகலத்துக்குச் சரியாக 1. கவிழும் அபாயத்தில் இது நல்ல முன்னேற்றம். இப்போது இந்த அகலமான ஜிப்சியை வாங்கியவர், ஈர்ப்பு மையம் 50 மி.மீ. உயரும்படி வண்டியைத் தூக்குகிறார். எண் மறுபடி 0.93. கம்பெனி 90 மி.மீ. அகலமாக்கிச் சம்பாதித்துக் கொடுத்த நிலைத்தன்மை இரண்டு அங்குலத்தில் கரைந்துவிட்டது. ஸ்பிரிங்கை உயர்த்தும்போது அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் தூக்கிய அளவு முழுவதும் உயராது என்பது சிறு ஆறுதல். கூரையில் கம்பிச்சட்டம் அமைத்து ஸ்டெப்னியையும் தண்ணீர் கேனையும் ஏற்றுகிறவர் அந்த ஆறுதலையும் இழக்கிறார்.

1996இல் ஜிப்சி கிங் வந்தது. 1,298 சிசி அலுமினிய எஞ்சின், 60 குதிரைத்திறன், ஐந்து கியர். 2000இல் அதே எஞ்சினின் பதினாறு வால்வு வடிவம் 80 குதிரைத்திறன் தந்தது. அதற்குப் பிறகு வண்டி ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டது. நகரத்தில் தினமும் ஓட்டுபவருக்கு அது ஒரு தவம். ஸ்டியரிங் கனம், குதிக்கும் லீஃப் ஸ்பிரிங், பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பின்னிருக்கை. ஆகவே இந்தியாவில் ஜிப்சிக்குச் செய்யப்பட்ட மாற்றங்களில் பாதி காட்டுக்காக அல்ல, ஊருக்காக. வேறு வண்டியின் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்துவது, ஸ்பிரிங் அடுக்கில் ஒன்றிரண்டு பட்டைகளை உருவி மென்மையாக்குவது, பழைய டயருக்குப் பதில் ரேடியல் போடுவது, பின்னிருக்கையை முன்நோக்கித் திருப்புவது. சாமுராயின் வரலாற்றில் காணாத ஒரு பக்கம் இது. அங்கே ஊர் வண்டியைக் காட்டுக்குப் பழக்கினார்கள், இங்கே காட்டு வண்டியை ஊருக்குப் பழக்கினார்கள்.

ஸ்பிரிங் பட்டையை உருவுவது வெறும் சொகுசுக்கான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. எட்டுப் பேரையும் சுமையையும் தாங்க அமைந்த ஸ்பிரிங், ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது வளையவே வளையாது. வளையாத ஸ்பிரிங் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சும்மா சுற்றும், டிஃபரன்ஷியல் எல்லா விசையையும் அதற்கே அனுப்பும், வண்டி நின்றுவிடும். பட்டை உருவிய ஜிப்சி மென்மையாக ஓடியதோடு தடத்திலும் நன்றாக ஏறியது. ஊருக்கும் காட்டுக்கும் ஒருசேர நன்மை தரும் மாற்றங்கள் அரிது, இது அவற்றில் ஒன்று. சுமை ஏற்றினால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும் என்பது மட்டும் குறை.

மறுபுறம், கோவாவில் 2014 முதல் நடக்கும் மழைக்காட்டுப் போட்டியில் இறங்கிய ஜிப்சிகளைப் பார்த்தால் அவற்றில் மூல வண்டியின் சாயல் மட்டுமே மிஞ்சியிருக்கும். இதன் உச்சத்தைத் தென்னமெரிக்காவில் காணலாம். 2007 ஏப்ரல் 21 அன்று சிலி நாட்டின் இருவர், பெரிதும் மாற்றியமைத்த சாமுராயில் ஓஜோஸ் டெல் சலாடோ எரிமலைமேல் 6,688 மீட்டர் உயரம் ஏறினார்கள். நான்குசக்கர வண்டி எட்டிய உயரத்துக்கு அன்று அது உலகச் சாதனை. ஆனால் அத்தகைய வண்டியில் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. போட்டி வண்டியைப் பார்த்துத் தினசரி வண்டியை மாற்றுவது கல்யாணப் பட்டுடுத்தி வயலுக்குப் போவதைப் போன்றது.

காயில் ஸ்பிரிங் காலம்

ஜப்பானிய ஜிம்னியில் 1995இல் லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. 1998இல் மூன்றாம் தலைமுறை முழுவதும் அப்படியே அமைந்தது. கெட்டி அச்சும் தனிச் சட்டமும் தொடர்ந்தன. சாலையில் குதிப்பு குறைந்தது, தடத்தில் சக்கரம் இன்னும் தாழ இறங்கித் தரையைப் பிடித்தது. உரிமையாளர்கள் பட்டறையில் தேடிய இரண்டையும் கம்பெனியே ஒரே மாற்றத்தில் கொடுத்துவிட்டது.

புது அமைப்பு புதுச் சிக்கலையும் தந்தது. காயில் ஸ்பிரிங் அச்சை இடத்தில் பிடித்துவைக்காது. அதற்கென்று முன்பின் கைகளும், இடவலமாக ஒரு தண்டும் வேண்டும். வண்டியை உயர்த்தினால் அந்தத் தண்டு சாய்ந்து, அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். முன் அச்சு சற்றே உருண்டு காஸ்டர் கோணம் குறையும். காஸ்டர்தான் ஸ்டியரிங்கை நேராக்கித் திருப்பிவிடும் கோணம். அது குறைந்தால் 60–80 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரங்கள் திடீரென்று கடகடவென உதறத் தொடங்கும். தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த பேரிங்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாலையில் இதை முதன்முறை அனுபவிப்பவர் சக்கரம் கழன்றுவிட்டது என்றே நினைப்பார். உயர்த்தும் ஸ்பிரிங்கோடு காஸ்டரைச் சரிசெய்யும் புஷ்ஷும் நீளம் மாற்றத்தக்க தண்டும் சேர்ந்து விற்பனைக்கு வந்தது இதனால்தான். ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி மாட்டுவது அரைவேலை.

இதே தலைமுறையில் முன்சக்கர ஹப்பைக் காற்றழுத்த வெற்றிடத்தால் பூட்டும் அமைப்பு வந்தது. இருக்கையை விட்டு இறங்காமல் நான்குசக்கர இயக்கத்துக்கு மாறலாம் என்பது வசதி. ஆனால் சேறும் நீரும் புகுந்து, ரப்பர் குழாய் விரிசல் விட்டால் ஹப் பூட்டாது. பல நாட்டு உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கையால் திருகும் பழைய ஹப்பைப் போட்டார்கள். கியர்க் கம்பிக்குப் பதிலாக வந்த பொத்தானும் பலருக்குப் பிடிக்கவில்லை. 2018 ஜூலையில் நான்காம் தலைமுறை வந்தபோது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மறுபடியும் கைக்கம்பியே வந்தது.

நான்காம் தலைமுறை எளிய தடங்களுக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தைக் கணினி தானே பிரேக் பிடித்து நிறுத்தும். விசை எதிர்ச்சக்கரத்துக்குப் போகும். முன்பு இதற்காகவே டிஃபரன்ஷியலைப் பூட்டும் பாகத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். துணிந்த சிலர் உள்ளிருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்தார்கள். அப்படிச் செய்த வண்டி தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைத் தேய்த்து, அச்சை முறுக்கி, மழையில் வழுக்கும். தினசரி ஓடும் வண்டியில் செய்யக்கூடாத வேலைகளுக்குப் பட்டியல் போட்டால் இதற்கு முதலிடம் தரலாம்.

எடை

புதிய ஜிம்னியின் மூன்று கதவு ஏற்றுமதி வடிவம் 1,090 கிலோ அளவு எடையுள்ளது. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. மிச்சம் 345 கிலோ. எழுபது கிலோ வீதம் நால்வர் உட்கார்ந்தால் 280 போய்விடும். மிஞ்சுவது 65 கிலோ. எஃகு பம்பர், இரும்புக் கயிறுள்ள விஞ்ச், கூரைச் சட்டம், அடிப்பக்கக் காப்புத் தகடு, பெரிய டயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஆட்கள் ஏறுமுன்பே வரம்பு நெருங்கிவிடும். விஞ்ச் மட்டுமே 30 கிலோவைத் தாண்டும், அதுவும் முன் அச்சுக்கு வெளியே தொங்கும்.

இந்தக் குடும்பத்தின் முழு வல்லமையும் எடைக்குறைவில்தான் இருக்கிறது. இரண்டு டன் வண்டி புதையும் மணலில் ஜிம்னி மிதந்து போகும். பெரிய வண்டி வழுக்கும் சேற்று மேட்டில் இது ஏறும். 590 கிலோவில் தொடங்கிய வண்டிக்குப் பெரிய வண்டியின் கவசத்தைப் போட்டால் அதன் பலத்தை நாமே பறிப்பதாகும்.

எளிய தடங்களுக்கு நீண்டகாலமாகப் பலன் தந்துவரும் மாற்றங்கள் வியக்கத்தக்க அளவு சிறியவை. மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான பற்களுள்ள டயர், கம்பெனி அளவிலோ ஒரு படி மேலோ. புதைந்தால் கட்டி இழுக்கச் சட்டத்தில் உறுதியாகப் பொருத்திய கொக்கி முன்னும் பின்னும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் அடியில் தகடு. காற்று அடிக்கும் சிறு கம்ப்ரசரும் அழுத்தமானியும். கடைசியாகச் சொன்னதே இவற்றில் மலிவானது, இதுவே மிகுந்த பலன் தருவது. தார்ச்சாலையில் 26 பிஎஸ்ஐ இருக்கும் டயரைத் தடத்தின் வாயிலில் 16–18க்கு இறக்கினால், டயர் தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடும். கல்லை டயரே விழுங்கிக்கொள்ளும், வண்டி குதிக்காது, பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றியாக வேண்டும். இறங்கிய டயரோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

சட்டம்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நடைமுறையில் இது தளர்வாகவே இருந்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, தயாரிப்பாளரின் மூலக் குறிப்புக்கு மாறான மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்று வகுத்தது. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. பாதசாரிக்கு ஆபத்து என்பதோடு, மோதலின்போது காற்றுப்பை விரியும் நேரத்தையும் அந்தக் காப்பு குலைக்கக்கூடும் என்பதே காரணம்.

எஞ்சின் மாற்றம், சட்டத்தை வெட்டி ஒட்டுதல், உடல் வடிவ மாற்றம் ஆகியவை இப்போது எஃப்.சி.யிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் நேரடியாகச் சிக்கும். மாற்றத்தை மறைத்து வைத்திருந்த வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. பட்டறைக்காரர் சொல்லும் ‘ஒன்றும் ஆகாது’ என்பதை நம்பி இறங்குவதற்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டாளரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது மேல்.

எங்கே ஓட்டுவது என்பதிலும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை ஓட்டுவது தமிழ்நாடு வனச்சட்டம் 1882இன்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும்.

ஐந்து கதவு ஜிம்னி

புதிய பாதுகாப்பு விதிகள் வந்த 2019இல் ஜிப்சி பொதுச் சந்தையிலிருந்து நின்றது. 2021 முதல் குருகிராமில் மூன்று கதவு ஜிம்னியை ஏற்றுமதிக்காக மட்டும் தயாரித்த மாருதி, ஐந்து கதவு வடிவத்தை 2023 ஜனவரியில் காட்டி ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. அதே வண்டியை 2025இல் ஜப்பானுக்கு நோமேட் என்ற பெயரில் ஏற்றுமதி செய்ய அறிவித்தபோது, நான்கே நாளில் ஏறத்தாழ 50,000 பேர் முன்பதிவு செய்ய, பதிவையே நிறுத்தவேண்டி வந்தது.

ஐந்து கதவுக்காக அச்சுகளுக்கு இடையிலான நீளம் 2,250 மி.மீ. இலிருந்து 2,590 மி.மீ. ஆனது. ஒரு மேட்டின் முகட்டைக் கடக்கும்போது நடுவயிறு தட்டாமலிருக்கும் கோணம் அதனால் 28 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறங்கியது. மூன்று கதவில் வெறுங்கையோடு தாண்டிய முகட்டில் ஐந்து கதவின் வயிறு உரசும். 195/80ஆர்15 என்ற கம்பெனி டயருக்குப் பதிலாக 215/75ஆர்15 போடுவது இந்திய உரிமையாளர்களிடையே வழக்கமானது. இதனால் விட்டம் கூடுவது 10 மி.மீ. அளவே, வயிறு உயர்வது 5 மி.மீ. மட்டும். 235/75 போட்டால் 20 மி.மீ. உயரும், ஆனால் கியர் ஆறு விழுக்காடு கனக்கும், முழுதாய் ஒடிக்கும்போது டயர் உரசவும் கூடும். அதனால் பலர் டயரைச் சிறிதளவு மட்டும் மாற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் கெட்டியான தகடு ஒன்றைப் பொருத்தி, உரசினால் உரசட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.